சிவப்புக் கட்டத்தில் தயிர்

வயிற்று உப்புசம், ஓயாத அசதி, ஒற்றைத் தலைவலி, தோலில் அரிப்பு, என்ன செய்தும் குறையாத எடை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், ‘ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்’ என்று சொல்ல இன்று ஆள் இருக்கிறார்கள். ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார், யூடியூபில் சொல்கிறார்கள், சில மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகு வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை வருகிறது. பச்சையில் இருப்பதைச் சாப்பிடலாம், மஞ்சளில் இருப்பதைக் குறைக்க வேண்டும், சிவப்பில் இருப்பதை நிறுத்திவிட வேண்டும். வாங்கியவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தத்திலேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன சந்தேகம் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதம் தவறு என்பதற்காகவே இந்தக் கட்டுரை. இந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. ஓர் உணவுக்கு ஐஜிஜி இருக்கிறது என்றால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள், உங்கள் உடல் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. பழக்கத்தை நோய் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டையே பறிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் தன் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். நாற்பதைத் தாண்டியவர், பல வருடமாக வயிற்று உப்புசம். சிவப்புக் கட்டத்தில் பசும்பால், தயிர், கோதுமை, முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சளில் துவரம்பருப்பு, எள், வேர்க்கடலை, அரிசி. பச்சையில் இருந்தவற்றைப் படித்தேன்: அவகாடோ, சால்மன், ப்ளூபெர்ரி, ஆஸ்பாரகஸ், வான்கோழி. அவர் வீட்டு அடுப்பில் ஒரு நாளும் ஏறாத பொருள்கள். “எனக்கு ஒத்துக்கிறதெல்லாம் நான் சாப்பிடாததாவே இருக்கேங்க” என்றார். பரிசோதனையின் கோளாறு முழுவதையும் அந்த ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். அறிக்கையைத் தயாரித்தவர்களுக்கும் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

உணவு ஒவ்வாமை என்று மருத்துவம் சொல்வதில் பெரும்பகுதிக்குக் காரணம் ஐஜிஇ என்னும் வேறொரு எதிர்ப்பொருள். 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து கண்டறிந்தது. இறால் சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு வீங்குகிறதே, உடம்பெல்லாம் தடித்துப்போய் மூச்சு முட்டுகிறதே, அதன் பின்னால் இருப்பது இந்த ஐஜிஇ. ரத்தத்தில் இது மிக மிகச் சொற்பம். ஐஜிஜியோ எதிர்ப்பொருள்களில் முக்கால் பங்கு. தடுப்பூசி போட்ட பின்னும், காய்ச்சல் வந்துபோன பின்னும் நெடுநாள் நம்மைக் காப்பது அதுதான். நாம் சாப்பிடும் புரதத்தில் இம்மியளவு முழுதாகச் செரிக்காமல் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது எல்லோருக்கும் நடப்பது. உடல் அதையும் பார்க்கிறது, அதற்கும் ஐஜிஜி உண்டாக்கிக்கொள்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாலும் பாலுக்கும் முட்டைக்கும் கோதுமைக்கும் ஐஜிஜி இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் நோட்டை வாங்கிப் பார்த்து, அதிக முறை வந்துபோனவர் யாரோ அவர்தான் திருடர் என்று முடிவுகட்டுவது போன்றது இந்தப் பரிசோதனை.

ஆய்வகத்தில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தட்டு. வரிசைக்கு 12 வீதம் 8 வரிசை, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஏதாவது ஓர் உணவின் சாறு பூசி ஒட்டவைக்கப்பட்டிருக்கும். இதில் பால், அடுத்ததில் கோதுமை, அதற்கடுத்ததில் கத்தரிக்காய். உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கச் செய்து குழிகளில் விடுகிறார்கள். அந்த உணவை அடையாளம் தெரிந்த ஐஜிஜி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாதது கழுவும்போது போய்விடுகிறது. பிறகு, ஐஜிஜியைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்பொருளை நொதியோடு இணைத்து விடுகிறார்கள். கடைசியாக, நொதி பட்டால் நிறம் மாறும் திரவம். நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது. எலைசா என்ற இந்த முறை 1971இல் ஸ்டாக்ஹோமில் உருவானது. எச்ஐவி முதல் டெங்கு வரை கண்டுபிடிக்க உதவும் அருமையான முறை, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கேள்வியெல்லாம் அந்த எண் வந்த பிறகுதான். எந்த எண்ணுக்கு மேல் போனால் சிவப்பு? அந்தக் கோட்டை யாரை வைத்துப் போட்டார்கள்? டெங்குப் பரிசோதனைக்குக் கோடு போடும்போது, டெங்கு உறுதியானவர்களின் ரத்தத்தையும் டெங்கு இல்லாதவர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர் என்று வேறொரு நம்பகமான வழியில் உறுதியானவர்களின் ரத்தத்தை, ஒத்துக்கொள்பவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இப்படியே அறிக்கையில் வரும் இருநூறு உணவுக்கும் யாரும் கோடு போடவில்லை. அந்த ஒப்பீடு இல்லாமல் சிவப்பும் மஞ்சளும் வெறும் வண்ணம்தான். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதே என்பார்கள். அளவைச் சரியாக எடுக்கிறார்கள் என்பதற்கு அந்த அங்கீகாரம் சாட்சி. எடுத்த அளவுக்கு நோயைச் சொல்லும் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான சான்றிதழை இரண்டாவது கேள்விக்குப் பதிலாக மாட்டிவைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4, உடல் ஓர் உணவைத் தாங்கப் பழகிக்கொண்டதோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. லண்டனில் கிடியன் லாக் தலைமையில் நடந்து 2015இல் வெளியான லீப் ஆய்வு அதில் முக்கியமானது. வேர்க்கடலை ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை சேர்ந்த உணவு வாரந்தோறும் தொடர்ந்து கிடைத்தது. மற்றப் பிரிவுக்கு ஐந்து வயதுவரை வேர்க்கடலையைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதக் குழந்தைகளுக்கு ஒவ்வாமை வந்திருந்தது. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளின் ரத்தத்தில் வேர்க்கடலைக்கான ஐஜிஜி4 நன்றாக ஏறியிருந்தது. இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தை நம் ஊர் இன்டாலரன்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? எந்த உணவு அவர்களைக் காப்பாற்றியதோ அதையே நிறுத்தச் சொல்லி அறிக்கை வரக்கூடும்.

ஐரோப்பிய ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் அகாடமி 2008இலேயே, உணவுக்கான ஐஜிஜி4 பரிசோதனையை நோயறிய உபயோகிக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. அமெரிக்க அகாடமி 2010இல் அதை ஆதரித்தது. கனடாவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2012இல் தன் பங்குக்குச் சொன்னது. எந்த வண்ண அறிக்கையின் மூலையிலும் இந்தத் தகவலை நான் பார்த்ததில்லை.

ஐஜிஜியை விட்டுவிட்டு ஐஜிஇ பார்த்தால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். தொந்தரவும் ரத்தமும் ஒத்துப்போய், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. முறையான பரிசோதனையைக்கூட, கதை கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு நூறு உணவுக்குப் பார்த்தால், சும்மா இருக்கிற நான்கு பேரில் ஒருவரை நோயாளியாக்கிவிடலாம் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சாட்சி வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாத உணவைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி முடியை வைத்துப் பார்ப்பது, கையைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பது, மின்கம்பியைப் பிடிக்கச் சொல்வது ஆகியவற்றைப் பற்றிப் பேசி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

இனி, மறுக்க முடியாதது போலத் தோன்றும் வாதத்துக்கு வருகிறேன். ‘நான் டெஸ்ட் எடுத்தேன், சொன்னதை நிறுத்தினேன், வயிறு சரியாகிவிட்டது. கைமேல் பலன். நீங்கள் என்ன ஆராய்ச்சி சொன்னாலும் எனக்கு வேண்டாம்.’ இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே சரியாகியிருக்கிறது. ஆனால் சரியாக்கியது பட்டியலா என்பதை அவர்கள் இருந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

சிவப்புப் பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்து ஒருவர் வாழ்க்கையில் என்னென்ன மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கோதுமை கூடாது என்றால் பரோட்டா, பிஸ்கட், பப்ஸ், கேக் எல்லாம் போகிறது. பால் கூடாது என்றால் நாளைக்கு ஐந்து காபி, அதிலுள்ள சர்க்கரையோடு சேர்ந்து போகிறது. ஓட்டல் சாப்பாடு குறைகிறது. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டவர் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறார். காசு கொடுத்தாகிவிட்டது, இனி நல்லாயிடும் என்ற நம்பிக்கை வருகிறது. போதாக்குறைக்கு, குடல் எரிச்சல் நோய் என்கிற ஐபிஎஸ் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான் யாரும் பரிசோதனைக்குப் போவார்கள், அதன்பின் எதைச் செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

அதனால்தான் போலிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுகிறது. பரிசோதனையின் ஆதரவாளர்கள் காட்டுவது 2004இல் ‘கட்’ இதழில் வந்த மான்செஸ்டர் ஆய்வு. ஐபிஎஸ் நோயாளிகள் 150 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு ரத்தம் சொன்ன பட்டியல், பாதிப் பேருக்கு எண்ணிக்கையில் சமமான போலிப் பட்டியல். உண்மைப் பட்டியல்காரர்கள் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் உண்மைப் பட்டியலில் பாலும் கோதுமையும் மிகுந்திருந்தன. போலிப் பட்டியலில் அவை அரிதாகவே இருந்தன. பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஐபிஎஸ்காரர் பலருக்கு வயிறு லேசாகும் என்பது ரத்தம் பார்க்காமலே தெரிந்த விஷயம்.

2025இல் ‘காஸ்ட்ரோஎன்டராலஜி’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு அதைவிட நேர்த்தியானது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஐபிஎஸ்காரர்களுக்கென்றே தேர்ந்தெடுத்த 18 உணவுகளுக்கு மட்டும், அவர்களை வைத்தே கோடு போட்டு ஐஜிஜி பார்த்தார்கள். ரத்தத்தின்படி விலக்கியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு வயிற்றுவலி குறிப்பிட்ட அளவு தணிந்தது, போலிப் பட்டியலில் 42 சதவீதம் பேருக்கு. இந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். வேறு குழுக்களும் செய்து பார்த்து அதே முடிவு வந்தால் என் கருத்தை அந்த 18 உணவுகள் அளவுக்கு மாற்றிக்கொள்ளவும் தயார். ஆனால் அந்த ஆய்வைக் காட்டி, அசதிக்கும் முடி உதிர்வதற்கும் எடைக்கும் சேர்த்து இருநூறு உணவுப் பட்டியல் விற்க எவருக்கும் உரிமை கிடையாது. அந்த 42 சதவீதத்தையும் கவனியுங்கள். சம்பந்தமில்லாத உணவை நிறுத்தியே பத்துப் பேரில் நான்கு பேருக்கு வலி தணிந்திருக்கிறது. ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்று சொல்பவர் அந்த நால்வரில் ஒருவராக இருந்தால், அவரால் அதை எப்படி அறிய முடியும்?

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவதும் இதில் உண்டு. நிறுத்திய உணவெல்லாம் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்துவிட்டது, குடல் ஆறிவிட்டது என்பார்கள். ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும் தன்மையுடையது. சாப்பிடுவதை நிறுத்தினால் புதிதாக உண்டாவதும் குறைகிறது, எண்ணும் இறங்குகிறது. இதில் ஆறியது எது? சாப்பிட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கும் எண்ணைக் காட்டி வியாதி வந்தது, போனது என்று சொல்கிறார்கள். ஒரே தவறை இரண்டு முறை விற்பது இது.

இந்தப் பட்டியல் நம் ஊரில் எளிதாக எடுபடுவதற்கு ஒரு காரணமும் தெரிகிறது. மருந்தென்றால் பத்தியம் உண்டு என்று வளர்ந்தவர்கள் நாம். கத்தரிக்காய் கரப்பான், பூசணிக்காய் குளிர்ச்சி, மாம்பழம் சூடு என்று பாட்டி சொல்லக் கேட்டவர்கள். எதையாவது விட்டால்தான் உடம்பு தேறும் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. ஆனால் பாட்டி சொன்ன பத்தியத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. பிரசவித்த பெண்ணுக்கோ, காமாலைக்காரருக்கோ நாள் கணக்கு முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பச் சேர்ப்பார்கள். வண்ண அறிக்கையோடு போகிறவர்களில் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் நிறுத்தியதைத் திரும்பத் தொடவே இல்லை.

அந்த அறிக்கையால் பார்க்கவே முடியாத விஷயங்களும் இருக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு நம்மிடையே மிகச் சாதாரணமான காரணம் லாக்டோஸ். அது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதி, தென்னிந்தியர் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து வாயுவாகிறது. இதில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை. பரிசோதனைத் தட்டில் ஒட்டியிருப்பது பாலின் புரதம். ஆகவே லாக்டோஸ் செரிக்காதவருக்குப் பச்சை வரலாம், செரிப்பவருக்குச் சிவப்பு வரலாம். மேலே சொன்ன பெண்மணியிடம், பால் குடித்தால் என்ன ஆகிறது, மோர் குடித்தால் என்ன ஆகிறது என்று கேட்டேன். “காபி குடிச்சா கல்லு மாதிரி ஆயிடும், மோர் குடிச்சா ஒண்ணும் பண்ணாது” என்றார். பால் தயிராகும்போது அதிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. நோயின் காரணம் அவர் வாயிலேயே இருந்தது. பாலுக்கும் தயிருக்கும் புரதம் ஒன்றே என்பதால் அறிக்கை இரண்டையும் சிவப்பில் போட்டு, அவருக்கு நன்றாகவே ஒத்துப்போன மோரையும் பிடுங்கிக்கொண்டது.

வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை இருக்கிறது. கோதுமை ஆகாது என்று சொல்லிக்கொண்ட 59 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், க்ளூட்டன் புரதத்தைவிட ஃப்ரக்டான் சேர்த்த தின்பண்டமே அதிகம் தொந்தரவு தந்தது. இதுவும் புரதம் இல்லை. ரத்தத்தில் இதற்கு ஐஜிஜி தேடிப் பயனில்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையே உப்புசத்தையும் பேதியையும் தரலாம். அதுவும் எந்த உணவுப் பட்டியலிலும் வராது.

‘சரி, ஒன்றும் இல்லாவிட்டால் போகிறது, நாலு உணவை விடுவதில் என்ன நஷ்டம்?’ எனக்குக் கோபம் வருவது இந்தக் கேள்வியில்தான்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணிடம் முட்டையை விடு, பருப்பைக் குறை, எள்ளைத் தொடாதே, பால் தயிர் கூடாது என்று எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. சைவக் குடும்பமென்றால் அதன்பின் அவர் தட்டில் புரதம் என்று சொல்ல என்ன மிஞ்சும்? பச்சைப் பட்டியலின் சால்மனையும் அவகாடோவையும் மாதச் சம்பளத்தில் யார் வாங்குவது? வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல் என்று அடுப்படியில் இரண்டு மடங்கு நிற்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் சேர்த்து நிறுத்தினால் எடை நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும். அதோடு முடிவதில்லை. தோல் கரப்பான் உள்ள, பாலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தையிடமிருந்து பாலை நெடுநாள் விலக்கினால் உடல் பாலைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடக்கூடும். மறுபடி கொடுக்கும்போது மூச்சு முட்டும் அளவுக்கு உண்மையான ஒவ்வாமை வெடிப்பது ஒவ்வாமை மருத்துவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. இல்லாத நோய்க்குப் பத்தியம் வைத்து, இருக்கும் நோயைப் படைப்பது இது.

எதிர்த் திசையிலும் ஆபத்து காத்திருக்கிறது. முந்திரி சாப்பிட்டு ஒரு முறை முகம் வீங்கிய பையனுக்கு ஐஜிஜி அறிக்கையில் முந்திரி பச்சையில் வரலாம், ஏனென்றால் அவன் முந்திரியை அதிகம் சாப்பிட்டதில்லை. பச்சை என்று நம்பி ஒரு கரண்டி முந்திரி அல்வா ஊட்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு சாத்தியத்துக்காகவே, சிறுவர்களுக்கு இந்தப் பரிசோதனையை விற்பதை நிறுத்த வேண்டும் என்பேன்.

நோயைத் தவறவிடுவது இன்னொன்று. கோதுமையின் க்ளூட்டனால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய் உண்மையானது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், நோயாளிப் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்தே கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினார். இந்தியாவில் 2016இல் வெளியான ஆய்வில் இது வட மாநிலத்தவரிடம் 1.23 சதவீதமும் தெற்கில் 0.10 சதவீதமும் இருந்தது. நம்மிடம் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இதற்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள்தானே பார்க்கிறார்கள் என்று சிலர் மடக்குவார்கள். ஆம், ஆனால் அந்தப் பரிசோதனையைக் குடலின் திசுவை எடுத்துப் பார்த்து, சிதைந்த குடலோடு பொருத்தி நிறுவியிருக்கிறார்கள். அது வேலை செய்ய ஒரு நிபந்தனையும் உண்டு: நோயாளி கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்டாலரன்ஸ் அறிக்கையை நம்பிக் கோதுமையை நிறுத்தியவருக்குச் சீலியாக் இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாக வந்து நீங்காத உப்புசம் சில பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. தைராய்டு குறைந்ததால் வந்த அசதிக்கு எள்ளை விட்டால் எப்படித் தீரும்? பட்டியலைப் பிடித்துக்கொண்டு கழிக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த நோய்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், பரிசோதனைக்குப் போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களை அங்கே அனுப்பியது நம் மருத்துவமனைகள்தான். வருடக்கணக்கில் வயிறு உப்பி வலிக்கிற பெண் ஓ.பி.யில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், மூன்று நிமிடத்தில் ‘கேஸ்தான், டென்ஷன் ஆகாதீங்க’ என்ற பதிலும் பான்டாப்ரசோல் சீட்டும் கிடைக்கின்றன. என்ன சாப்பிட்டால் வருகிறது, எப்போது வருகிறது, மாதவிடாயோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்க ஆளில்லை. அவர் தொந்தரவை முதன்முதலாகப் பெரிதாக எடுத்துக்கொண்டு, அவர் பெயரை அச்சடித்து, இருபது பக்கம் தந்தவர்கள் இந்தப் பரிசோதனைக்காரர்கள்தான். மருத்துவர்கள் இந்த வியாபாரத்தைக் கண்டித்தால் மட்டும் போதாது. கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்காதவரை இந்த அறிக்கைகள் விற்றுக்கொண்டேதான் இருக்கும்.

உணவு காரணமா என்று கண்டுபிடிக்கும் வழி பழையது, செலவில்லாதது, பொறுமை கேட்பது. ஒரு நோட்டில் இரண்டு, மூன்று வாரம் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, தொந்தரவு எப்போது, தூக்கம் எப்படி என்று எழுதுவது. சந்தேகப்படும் ஒரே ஓர் உணவை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பது. குறைந்தால், இந்த இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், அதே உணவை மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால் மறுபடி நிறுத்தி உறுதிசெய்ய வேண்டும். வராவிட்டால் அந்த உணவு நிரபராதி, தட்டுக்குத் திரும்ப வேண்டும். பாலில் சந்தேகம் என்றால் மூச்சில் ஹைட்ரஜன் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஒவ்வாமையில் சந்தேகம் என்றால், மருத்துவர் முன்னிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதே இன்றுவரை முடிவான பரிசோதனை.

ஏற்கெனவே அறிக்கை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: சிவப்பில் இருக்கும் உணவைச் சாப்பிட்டு இதற்கு முன் எப்போதாவது உடம்பு தடித்தோ, உதடு, நாக்கு வீங்கியோ, மூச்சு முட்டியோ இருந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள். பல மாதம் பால், முட்டை நிறுத்தப்பட்ட குழந்தைக்கு, முக்கியமாகத் தோல் கரப்பான் உள்ள குழந்தைக்கு, மருத்துவரைக் கேட்காமல் திரும்பக் கொடுக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாத பெரியவர்கள், பட்டியலால் நிறுத்தியவற்றை வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்க்கலாம், முதலில் தயிரும் பருப்பும் முட்டையும். கோதுமையை நிறுத்தியவர்கள் சீலியாக் பரிசோதனைக்குப் போவதென்றால், அதற்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினீர்கள், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.